பழகிய விரலும் புதிய முறையும்



காரியாலயங்களுக்குப் புதியதொரு கணினி முறை வரும்போது, அதனை ஏற்கத் தயங்குவோரைச் சோம்பேறிகளென்று கூறிவிடுதல் எளிது. கல்முனைக் கரையோரத்தில் அதிபராகப் பணியாற்றிய ஆண்டுகளில் யான் கண்டது வேறு. தயங்கியோரிற் பலர் வேலையில் மிகத் தேர்ந்தவர்களே.

தமிழ்த் தட்டெழுத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் நெடுங்காலம் பெருவழக்காயிருந்தது பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளின்மீது தமிழ் உருவங்களைப் போர்த்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நம் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். ஒருங்குறியோ தமிழுக்குத் தனியிடம் தந்தது. 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலங்கைத் தரமும் அதனைத் தழுவியே அமைந்தது. ஆகவே மாற்றம் வேண்டியதே, அதில் ஐயமில்லை.

ஆனால் பாமினியில் 'கை' என்று எழுத, கையெழுத்திற்போல ஐகாரக் குறியை முதலில் தட்டிப் பின்னர் ககரத்தைத் தட்டவேண்டும். ஒலிமுறைத் தட்டெழுத்தில் ககரம் முந்தும், உயிர் பிந்தும். இருபதாண்டு பழகிய விரல்களுக்கு இது சிறு மாற்றமன்று. விடுகைப் பத்திரத்தைப் பலகை பாராமலே தட்டவல்ல எம் இலிகிதர் ஒருவர், பயிற்சி நாளன்று தம் பெயரை எழுதவே தடுமாறினார். பின்வரிசை இளைஞர் நகைத்தனர். பயிற்றுநர் சுட்டியை வாங்கித் தாமே வேலையை முடித்துவிட்டார். மறுநாள் இலிகிதர் பாமினிக்கே மீண்டார். நாடாவைப் பழகுநர் கையிற் கொடாமல் மருதமுனையில் எவரேனும் நெசவு பழக்குவரோ?

பயன் உண்டென்ற எண்ணமும், கையாள எளிதென்ற எண்ணமுமே புதியதை ஏற்கச் செய்வன என்று பிரெட் டேவிஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1989 இல் எழுதினார். எம் இலிகிதர் பயனை மறுத்தவரல்லர். அவர் இழந்தது, தம்மால் இயலும் என்ற நம்பிக்கையை. அந்நம்பிக்கைக்கு வலிய ஊற்று, தானே செய்து பெறும் வெற்றியே என்று உளவியலறிஞர் அல்பர்ட் பண்டுரா 1977 இலேயே விளக்கியிருந்தார்.

பாமினி விசையமைப்பிலேயே தட்டி, ஒருங்குறியாகப் பதியும் மென்பொருள்கள் உள. சென்னையில் உருவான என்.எச்.எம். ரைட்டர் அத்தகையது. அதனை நிறுவி, பிறர் இல்லாத பிற்பகலொன்றில், ஒரு விடுகைப் பத்திரத்தின் பிரதியை அவரிடம் கொடுத்தோம். பிரதியாதலால் பிழைத்தாலும் நட்டமில்லை. விரல்கள் பழைய வழியே ஓடின. அடுத்த அறைக் கணினியில் அப்பத்திரம் எழுத்துச் சிதையாமல் திறந்ததை அவர் இருமுறை சென்று பார்த்துவந்தார்.

இன்று புதிய ஆசிரியர்களுக்கு இதனைக் காட்டிக்கொடுப்பவர் அவரே. அவர்களுடைய சுட்டியை மட்டும் தொடுவதில்லை. கணக்கு அட்டவணை மென்பொருளோடு அவருக்கு இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அதற்கு வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.