இளவேனிலுக்கு எத்தனை தேதிகள்?

பிரிட்டனில் இளவேனில் எந்த நாளில் தொடங்குகிறது என்று கேட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் கிடைக்கும். வானிலை ஆய்வாளர் மார்ச் 1 என்பார். வானியல் அறிஞர், பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் மார்ச் 20-ஐச் சுட்டுவார். தோட்டக்காரர் தேதி எதையும் சொல்லாமல், பூத்து நிற்கும் மஞ்சள் டாஃபடில் மலரைக் காட்டுவார். தனித்து வாழும் முதியவரோ, வீட்டின் வெப்பமூட்டும் கருவியை நிறுத்திவிட்டு அச்சமின்றி உறங்கச் செல்லும் முதல் இரவுதான் இளவேனில் என்பார்.

இந்த நான்கு விடைகளும் ஒரே நாளில் சந்திப்பதில்லை. அவற்றுக்கு இடையிலான இடைவெளி சில ஆண்டுகளில் சில வாரங்கள். சில ஆண்டுகளில் இரண்டு மாதங்களையும் தாண்டும். பருவ மாற்றத்தைக் கண்ணுக்கினிய காட்சியாகவே பார்த்துப் பழகிய நமக்கு, அந்த இடைவெளிக்குள் ஒரு நாட்டின் வேளாண்மையும் எரிபொருள் செலவும் மனித உயிர்களும் அடங்கியிருப்பது எளிதில் புலப்படுவதில்லை.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. 51.5 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ள லண்டனில் டிசம்பர் பிற்பகுதியின் பகல் எட்டு மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. ஜூன் மாதத்திலோ அது பதினாறரை மணி நேரத்தைக் கடந்துவிடுகிறது. இந்தப் பெரும் மாற்றம் மிக விரைவாக நிகழ்வது மார்ச் மாதத்தில்தான். அப்போது நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் பகல் நீள்கிறது. ஒரே வாரத்தில் அரை மணி நேர வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஒளி இவ்வளவு விரைந்து திரும்பினாலும் வெப்பம் உடன் வருவதில்லை. மார்ச் மாத இறுதியில் அங்கு சென்றிருந்தபோது, சன்னல் வழியே பளிச்சிட்ட வெயிலை நம்பி மேல்கோட்டு இல்லாமல் வெளியே இறங்கி, சில நிமிடங்களில் நடுங்கிக்கொண்டே வீடு திரும்பியது இன்றும் நினைவில் இருக்கிறது. பிள்ளைகளைக் காணச் செல்லும் நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கும் இந்த அனுபவம் நேர்ந்திருக்கும்.

இந்தத் தாமதத்துக்கு முதன்மையான காரணம் கடல். நிலத்தைவிடக் கடல்நீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே குளிரும். பிரிட்டனைச் சூழ்ந்துள்ள கடல் மிகவும் குளிர்ந்திருப்பது டிசம்பரிலோ ஜனவரியிலோ அன்று. பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும்தான். வெயில் ஏறத் தொடங்கும் வேளையில், தீவைச் சுற்றிலும் ஆண்டின் மிகக் குளிர்ந்த நீர் நிற்கிறது.

அதே கடல்தான் குளிர்காலத்தில் அந்நாட்டைக் காக்கிறது. எடின்பரோவும் மாஸ்கோவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்துள்ளன. ஜனவரியில் மாஸ்கோ உறைநிலைக்குப் பல பாகை கீழே இருக்க, எடின்பரோவின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே இருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பத்தைச் சுமந்து வரும் மேற்குக் காற்றே இதற்குக் காரணம். கடுங்குளிரைத் தணிக்கும் கடலே இளவேனிலையும் தாமதப்படுத்துகிறது.

மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலை 1659-ஆம் ஆண்டு முதல் மாதவாரியாகத் தொகுக்கப்பட்டுள்ளது. கருவிகளால் அளக்கப்பட்ட வெப்பநிலைப் பதிவுகளில் உலகிலேயே மிக நீண்ட தொடர் இதுதான். அண்மைக்காலச் சராசரியைப் பார்த்தால் பிப்ரவரியில் சுமார் 5 பாகை செல்சியஸ். மார்ச்சில் 7-க்குச் சற்றுக் குறைவு. ஏப்ரலில் சுமார் 9. மே மாதத்தில் சுமார் 12. மார்ச் 1-ஆம் தேதி இளவேனில் பிறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டாலும், அந்த மாதம் குளிர்காலத்தின் தொடர்ச்சியாகவே கழிகிறது.

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, பனிக்கு மட்டும் முன்பனி, பின்பனி என இரண்டு இடங்களை ஒதுக்கினர். மாசியும் பங்குனியும் பின்பனிக்குரியவை. நான்கு பருவங்களை மட்டுமே அறிந்த ஆங்கில வழக்கில் இல்லாத இந்தச் சொல், பிரிட்டனின் மார்ச் மாதத்துக்கு மிகவும் பொருந்துகிறது.

சராசரிகள் அமைதியானவை, உண்மையான ஆண்டுகள் அப்படி இருப்பதில்லை. மேற்கிலிருந்து வரும் கடற்காற்று ஓய்ந்து, கிழக்கே சைபீரியாவின் திசையிலிருந்து காற்று வீசத் தொடங்கினால் இளவேனில் சில வாரங்கள் பின்னோக்கிச் சென்றுவிடும். 2018 பிப்ரவரி இறுதியில் அதுதான் நடந்தது. ‘கிழக்கிலிருந்து வந்த விலங்கு’ என்று மக்கள் பெயரிட்ட அந்தக் குளிர் அலையில் சாலைகளும் ரயில் பாதைகளும் பனியில் புதைந்தன, பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் மாத நடுவில் பனி மீண்டும் வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2019 பிப்ரவரி 26 அன்று, லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் 21.2 பாகை செல்சியஸ் பதிவானது. பிரிட்டனின் குளிர்கால மாதங்களில் அதுவரை அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை.

காலம் தாழ்த்தி வரும் இளவேனில் ஒரு பொருளாதாரத்தையே முடக்கிவிடும் என்பதற்கு 1947-ஆம் ஆண்டு சான்று. அந்த ஆண்டு ஜனவரி பிற்பகுதியில் தொடங்கிய பனி மார்ச் நடுப்பகுதி வரை நீடித்தது. சுரங்கங்களிலிருந்து நிலக்கரியை எடுத்துச்செல்ல முடியவில்லை. தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட, லட்சக்கணக்கானோர் தற்காலிகமாக வேலையிழந்தனர். லட்சக்கணக்கான செம்மறியாடுகள் மடிந்தன. கடைசியில் வெப்பம் திரும்பியபோது, உருகிய பனி பெருவெள்ளமாகி விளைநிலங்களை மூழ்கடித்தது. போரின் களைப்பிலிருந்து மீளாத நாட்டுக்கு இளவேனிலும் ஓர் இடராகவே வந்தது.

இளவேனில் வெளிச்சத்தின் பொருளாதார மதிப்பை உணர்ந்தவர்களுள் ஒருவர் வில்லியம் வில்லட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர். மக்கள் உறங்கிக்கொண்டிருக்கும்போது காலை வெளிச்சம் வீணாவதைச் சுட்டிக்காட்டி, கடிகாரத்தை முன்னகர்த்த வேண்டும் என்று 1907-இல் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர் மறைந்த மறு ஆண்டில், உலகப் போரின் எரிபொருள் நெருக்கடி அந்த யோசனையைச் சட்டமாக்கியது. 1916 முதல் பிரிட்டன் கோடைக்கால நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. இப்போது மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படுகிறது.

மனிதர் கடிகாரத்தை மாற்றினர். மரங்களும் தம் கணக்கை மாற்றிக்கொண்டு வருகின்றன. இதை நாம் அறிவது சில பொறுமைசாலிகளின் குறிப்பேடுகளால். நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736 முதல் தம் நிலத்தில் முதல் மலர், முதல் இலை, முதல் பறவையொலி ஆகியவற்றின் தேதிகளைக் குறித்துவந்தார். அவருக்குப் பின் அவருடைய வழித்தோன்றல்கள் 1958 வரை இந்தப் பணியைத் தொடர்ந்தனர். பிற்காலத்தில் பொதுமக்கள் பலரும் இத்தகைய குறிப்புகளை அனுப்பத் தொடங்கினர்.

இவ்வாறு சேர்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் தலைமையிலான குழு 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1986 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், 1987-க்கும் 2019-க்கும் இடையில் தாவரங்கள் சராசரியாக ஒரு மாதம் முன்னதாகவே பூத்திருக்கின்றன. 2025-ஆம் ஆண்டின் இளவேனில், பிரிட்டனின் பதிவுகளிலேயே மிக வெப்பமானதாகவும் வெயில் மிகுந்ததாகவும் அமைந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத அளவுக்கு மழையும் குறைந்தது.

குளிர்நாட்டில் இளவேனில் முன்னதாக வந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். முன்னதாக வருவது பூக்கள்தாம். பின்பனி முன்னதாக விடைபெறுவதற்கு உறுதி ஏதுமில்லை. மிதமான மார்ச் மாதத்தை நம்பி மொட்டவிழ்த்த ஆப்பிள் மரத்தை ஏப்ரல் இறுதியின் ஒரே ஓர் உறைபனி இரவு மலடாக்கிவிடும். 2017 ஏப்ரலில் அத்தகைய இரவுகளால் இங்கிலாந்தின் திராட்சைத் தோட்டங்கள் பெரும் சேதத்துக்கு உள்ளாயின.

காட்டிலும் இதே சிக்கல்தான். ஆக்ஸ்ஃபோர்டு அருகே உள்ள வைத்தம் காட்டில் 1947 முதல் சிட்டுக்குருவி அளவேயுள்ள ஒரு சிறு பறவையினம் தொடர்ந்து ஆராயப்படுகிறது. ஓக் மரம் தளிர்க்கும்போது புழுக்கள் பெருகும். அந்தப் புழுக்களை நம்பியே இப்பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. 1960-களோடு ஒப்பிட்டால், அவை இப்போது சுமார் இரண்டு வாரங்கள் முன்னதாக முட்டையிடுகின்றன. மரம், புழு, பறவை ஆகிய மூன்றின் கணக்கும் ஒத்துப்போகும் வரை இழப்பில்லை. ஒன்று பிந்தினாலும் குஞ்சுகளுக்கு உணவில்லை.

இயற்கையின் தேதிகள் இவ்வாறு நகர்ந்துகொண்டிருக்க, அரசின் தேதிகள் அசையாமல் நிற்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறைந்த வருவாய் உள்ளோருக்குக் ‘குளிர்கால வானிலை உதவித்தொகை’ ஒன்று உண்டு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரையிலான காலத்தில், தொடர்ந்து ஏழு நாள்களுக்குச் சராசரி வெப்பநிலை பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால் 25 பவுண்டு கிடைக்கும். ஒரு மாதம் முழுவதும் ஈரக்காற்றுடன் 3 பாகையில் நின்றால் எதுவும் கிடைக்காது. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைந்தாலும் கிடைக்காது. குளிர் மார்ச் 31-இல் முடிந்துவிடுவதாக ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

முதியோருக்கு 1997 முதல் வழங்கப்பட்டுவந்த குளிர்கால எரிபொருள் உதவித்தொகையின் கதையும் கவனிக்கத்தக்கது. புதிதாகப் பொறுப்பேற்ற அரசு, நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, 2024-இல் அதை மிக வறிய முதியோருக்கு மட்டுமெனச் சுருக்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அந்தத் தொகையை இழந்தனர். எதிர்ப்பு வலுத்ததும் 2025 ஜூனில் அரசு பின்வாங்கி, ஆண்டு வருவாய் 35,000 பவுண்டு வரை உள்ள முதியோருக்கு மீண்டும் வழங்குவதாக அறிவித்தது. இடையில் ஒரு குளிர்காலம் கழிந்துபோயிருந்தது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்ப்பது இன்னொரு செய்தி. பிரிட்டனில் வசதியுள்ள குடும்பங்கள் பெரும்பாலும் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் வங்கிக் கணக்கின் வழியே மாதந்தோறும் ஒரே தொகையைச் செலுத்துகின்றன. குளிர்காலச் செலவு பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவிவிடுகிறது. ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் முன்பணம் செலுத்தினால் மட்டுமே இயங்கும் மீட்டர்கள் உள்ளன. ஜனவரியின் முழுச் சுமையையும் அவர்கள் ஜனவரியிலேயே சுமக்க வேண்டும். பணம் தீர்ந்தால் வெப்பமும் தீர்ந்தது.

வானிலை அனைவருக்கும் ஒன்றே. அதன் விலை அப்படியில்லை. வசதியுள்ளவரின் மாதக் கட்டணத்தில் குளிர்காலத்துக்கும் இளவேனிலுக்கும் வேறுபாடே தெரியாது. மீட்டருக்கு முன்பணம் கட்டுபவருக்கோ, வெயில் ஏறும் ஒவ்வொரு நாளும் உணவுக்கு ஒதுக்கக்கூடிய சில பவுண்டுகளாக மாறுகிறது. எரிசக்தி விலை கடுமையாக உயர்ந்த 2022-23 குளிர்காலத்தில் நூலகங்களும் தேவாலயங்களும் ‘வெதுவெதுப்பான இடங்கள்’ என்ற பெயரில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கட்டணம் செலுத்தத் தவறியவர்களின் வீடுகளில் முன்பண மீட்டர்களை வலுக்கட்டாயமாகப் பொருத்துவதை 2023 பிப்ரவரியில் ஒழுங்குமுறை அமைப்பு நிறுத்திவைக்க நேர்ந்தது.

டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பிற மாதங்களைவிடக் கூடுதலாக நிகழும் இறப்புகளை அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகம் கணக்கிட்டிருக்கிறது. 2017-18-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 50,100. அவை அனைத்துக்கும் குளிரை மட்டுமே காரணமாகக் கூற இயலாது. அந்த ஆண்டு பரவிய இன்ஃப்ளூயன்ஸாவுக்கும் பங்குண்டு. ஆனாலும், பிரிட்டனைவிடக் குளிர் மிகுந்த ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற நாடுகளில் குளிர்காலக் கூடுதல் இறப்பு விகிதம் குறைவு என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. அங்கு வீடுகள் குளிரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. இங்கிலாந்திலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு 1919-க்கு முற்பட்டது. சுவர்கள் வழியே வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும் வீட்டில், உதவித்தொகையும் சுவர் வழியே வெளியேறிவிடுகிறது.

வெப்பம் கசியாதவாறு வீடுகளுக்குக் காப்பிடும் பணி 2013-க்குப் பின் அங்கு பெருமளவு குறைந்துபோனது. உடனடியாக வாக்குகளைப் பெற்றுத்தரும் உதவித்தொகைக்கு உள்ள அரசியல் ஈர்ப்பு, அதன் பயன் தெரியப் பல ஆண்டுகளாகும் சுவர்க் காப்புக்கு இருப்பதில்லை. உதவித்தொகை தேவையற்றது என்று நான் வாதிடவில்லை. இன்றிரவு குளிரில் இருப்பவருக்கு அது இன்றே தேவை. ஆனால் அது ஆண்டுதோறும் நிதியமைச்சரின் மனநிலையைப் பொறுத்தது. காப்பிடப்பட்ட சுவர் எந்தத் தேர்தலையும் பொறுத்ததன்று.

புவி வெப்பமடைவதால் குளிர்காலம் மிதமாகி, இந்தச் சிக்கல் தானே தீர்ந்துவிடும் என்று சிலர் கருதக்கூடும். 2018-ஐயும் 2019-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கையின் பலவீனம் தெரியும். சராசரி உயரலாம், ஆனால் முதியவர் ஒருவரின் உடல் சராசரியில் வாழ்வதில்லை. கிழக்குக் காற்று வீசும் குறிப்பிட்ட வாரத்தில்தான் அது வாழ்கிறது.

மார்ஷம் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக முதல் மலரின் தேதியைக் குறித்துவைத்ததால்தான் இளவேனில் நகர்வதை இன்று உலகம் அறிகிறது. வெப்பமூட்டும் கருவியை அச்சமின்றி நிறுத்தும் முதல் இரவின் தேதியை எந்தக் குறிப்பேட்டிலும் எவரும் பதிவு செய்ததில்லை. அந்த இரவு ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே நாளில் வரும் ஆண்டில்தான், பிரிட்டனில் இளவேனில் உண்மையாகவே முன்னதாக வந்துவிட்டது என்று சொல்ல முடியும்.