கறவை மாட்டின் வயிற்றில் கம்பி: எக்ஸ்ரேயும் ஸ்கேனும்

மாடு தீவனத்தை நன்கு மென்று தின்பதில்லை. நாக்கால் சுருட்டி விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசை போடுகிறது. இதனால் வைக்கோலில் கலந்து வரும் ஆணி, ஊசி, கட்டிட வேலையில் சிதறும் கட்டுக்கம்பி முதலியன வயிற்றுக்குள் போய்விடுகின்றன. போகியன்று பழைய டயரைக் கொளுத்துவதும் தீங்கே. ரப்பர் எரிந்துவிடும், உள்ளிருக்கும் எஃகு இழைகள் தரையில் கிடக்கும்.

இவை இரண்டாவது வயிறான தேன்கூட்டுப் பையில் தங்கும். அதற்கு முன்னால் உதரவிதானம், அதையடுத்து இதயம். பை சுருங்கும்போதெல்லாம் கூரிய முனை முன்னோக்கித் தள்ளப்படுகிறது. நிறைசினை மாட்டில் கன்றின் பாரமும் சேர்ந்து அழுத்தும்.

திடீரெனப் பால் குறையும். மாடு அசை போடாது. முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகற்றி நிற்கும். சரிவில் இறங்கத் தயங்கும். அஜீரணம் என்று கருதிக் கஷாயம் கொடுத்து நாளைக் கடத்துவோர் பலர். அலைதாடி வீங்கிக் கழுத்து இரத்தக்குழாய் புடைத்தபின் மாடு பிழைப்பது அரிது.

எக்ஸ்ரே படத்தில் இரும்பு வெள்ளையாகத் தெரியும். ஆனால் கம்பி தெரிந்தாலே அறுவை சிகிச்சை வேண்டுமென்பதில்லை. நோயில்லாத மாடுகளின் வயிற்றிலும் இரும்பு கிடப்பதுண்டு. அது பைக்குள் படுத்திருக்கிறதா, சுவரைத் துளைத்து வெளியே நீட்டியிருக்கிறதா என்பதே முக்கியம். பெரிய மாட்டின் மார்பை ஊடுருவ ஆற்றல் மிகுந்த இயந்திரம் வேண்டும். கால் எலும்பைப் படம் எடுக்கும் சிறிய கருவி இதற்குப் போதாது. படமெடுக்கும்போது கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் நிற்கலாகாது.

ஸ்கேன் ஒலி அலைகளால் இயங்குவது. மார்பின் அடியில் மயிரை மழித்து, பசை தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கம்பியைக் காட்டுவதில் இது எக்ஸ்ரேக்கு ஈடாகாது. ஆனால் சீழ் கட்டியிருப்பதையும், இதய உறையில் நீர் கோத்திருப்பதையும் காட்டும். நல்ல நிலையில் தேன்கூட்டுப் பை நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒருமுறை சுருங்கும். அது தளர்ந்திருந்தாலும் ஸ்கேனில் தெரிந்துவிடும். இதய உறையில் சீழ் நிறைந்துவிட்ட மாட்டுக்கு அறுவைச் செலவு வீண் என்பதை முன்னதாக அறிவதும் சிறு விவசாயிக்கு இலாபமே.

தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012-ல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. முதலில் உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் மாட்டைக் காட்டி, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எங்கே, எந்த நாளில் எடுக்க முடியும் என்று அம்மருத்துவர் மூலம் விசாரித்துக் கொண்டு புறப்படலாம். வண்டியில் முன்கால்கள் நிற்கும் இடத்தில் மண் மூட்டை பரப்பி அரையடி உயர்த்தினால் கம்பி முன்னேறுவது ஓரளவு தடைப்படும். முன்பே காந்தம் விழுங்கச் செய்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதுவும் படத்தில் விழும்.