நோயுற்ற உடலிலும் அணையாத அடுப்பு

வடலூர் தருமச்சாலையில் 1867ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் ஏற்றிய அடுப்பு இன்றளவும் எரிந்து, பசித்தோர்க்கு உணவளித்து வருகிறது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரியும் வெப்பம் நீரை ஆவியாக்கி, மின்சாரம் தருகிறது. இவற்றை ஒத்த மூன்றாவது அடுப்பு ஒன்று நம் ஒவ்வொருவர் உடலிலும் எரிகிறது. நோய்க்காலத்தில் அதற்கு விறகு குறையலாகாது என்பதை விளக்க விரும்புகிறோம்.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

நிலக்கரியும் அரிசியும் கதிரவன் ஒளியைக் கொண்டு தாவரங்கள் ஆக்கியவையே. அவை எரியும்போது ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகின்றன. பழைய வேதிப் பிணைப்புகளைப் பிரிக்க ஆற்றலைச் செலவிட வேண்டும். தீ மூட்டுவது அதற்காகவே. புதிய பிணைப்புகள் உருவாகும்போது அதனினும் மிகுதியான ஆற்றல் வெளிப்படுகிறது. அந்த மிகுதியே நமக்குக் கிடைப்பது. உடலில் தீக்குச்சி இல்லை. நொதிகளே ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இம்மாற்றத்தைப் படிப்படியாக நிகழ்த்துகின்றன. 1 கிராம் மாவுச்சத்து அல்லது புரதம் ஏறத்தாழ 4 கிலோ கலோரியும், 1 கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரியும் தரும்.

அது எங்கே செல்கிறது?

படுத்திருப்பவருக்கு ஆற்றல் எதற்கு என்று சிலர் எண்ணுகின்றனர். இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் ஓய்வதில்லை. ஓய்வுநிலைச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே பெறுகிறது. உடல்வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் மொத்தச் செலவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும்.

ஆகவே, காய்ச்சலுக்குப் பட்டினியே மருந்து என்பது பொருந்தாது. கல்லீரல் சேமித்துள்ள சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் கொழுப்புடன் தசையின் புரதமும் கரையத் தொடங்கும். தசை குறைந்தால் எழுந்து நடப்பதும், சளியை இருமி வெளியேற்றுவதும் கடினமாகும். புண் ஆறுவதும் தாமதமாகும்.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

பசியற்றவரை ஒரே வேளையில் நிறைய உண்ணுமாறு வற்புறுத்த வேண்டா. இரண்டு, மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை சிறிதளவு கொடுங்கள். வெறுங்கஞ்சியைவிடப் பாசிப்பருப்பு சேர்த்த கஞ்சி நன்று; இட்லி, முட்டை, தயிர் ஆகியவையும் ஏற்றவை. சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளோர் மருத்துவர் வகுத்த உணவையே உண்ண வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் உண்ணாதிருக்கச் சொன்னால் அதனைத் தவறாது கடைப்பிடியுங்கள்.

இரண்டு நாள்களாக உணவு மிகவும் குறைந்திருந்தாலோ, உடல் எடை இறங்கினாலோ, நோயாளி தாமே சொல்லட்டும் எனக் காத்திராமல் செவிலியரிடம் தெரிவியுங்கள். மருந்துச் சீட்டைப் போலவே உண்ட அளவையும் கவனித்து வருமாறு வேண்டுகிறோம்.