குருதியில் ஒரு கூட்டுறவுச் சங்கம்

தறிக்குழியில் இறங்கும்போது மூங்கிற் சிராய் ஒன்று நெசவாளியின் விரலில் ஏறிவிடுகிறது. பாலாற்றங்கரைக் கழனியில் வரப்பேறும் உழவரின் காலில் கருவேல முள் தைக்கிறது. இருவரும், "இதுவும் ஒரு காயமா!" என்று துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். மறுநாட் காலையில் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, விண்விண்ணென்று தெறிக்கிறது. நாம் சிராயைத் திட்டுகிறோம், முள்ளைத் திட்டுகிறோம். ஆனால் அந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும் முள்ளின் வேலையல்ல. நம் உடலுக்குள் இருக்கும் ஒரு பெருஞ் சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியிருப்பதன் அடையாளமே அவை.

நம் சங்கத்திற்கு மகாசபை உண்டு, நிருவாகக் குழு உண்டு, காரியதரிசி உண்டு, ஆண்டுதோறும் தணிக்கையும் உண்டு. அங்கத்தினர் சில நூறு பேர் கூடினாலே யார் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை. குருதியில் நடைபெறும் சங்கத்திலோ, ஒரு கன மில்லிமீட்டர் அளவிலேயே 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் வகையும் பல, குணமும் பல. அவர்களைச் சற்றே அறிமுகம் செய்துகொள்வோம். நகைக்க இடமுண்டு, முடிவில் நம் வீட்டுக் காரியமும் ஒன்று உண்டு.

ஓடி வருவோரும் உண்டு களிப்போரும்

முதலில் வருபவர் நியூட்ரோபில். வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் இவர் கூட்டமே. மணியடித்ததும் "என்ன, ஏன்?" என்று கேளாமல் ஓடிவரும் இளைஞர் அணி. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி பேரைப் புதிதாக உருவாக்கி அனுப்புகிறது. இவர்கள் ஆயுளோ ஓரிரு நாள் கணக்குத்தான். கிருமிகளை விழுங்குவர், நச்சுநீரைக் கக்குவர், அங்கேயே மடிவர். நாம் முகஞ்சுளித்துத் துடைத்தெறியும் சீழ் பெரும்பாலும் இத்தொண்டர்களின் உடல்களே. குறை ஒன்று: தீயணைக்க வந்தவர் பக்கத்து வீட்டுக் கூரையையும் பிரித்துப் போட்டுவிட்டுப் போவதுபோல, நல்ல தசைக்கும் சிறிது சேதம் விளைவிப்பர்.

அடுத்தவர் மாக்ரோபேஜ், அதாவது பெருவிழுங்கி. வரதர் கோயில் விழாவில், இலை போட்டவுடன் முதற் பந்தியில் அமர்ந்து கடைசிப் பந்தி வரை எழாத பேர்வழியை நாம் கண்டதுண்டு. இவர் அவ்வினத்தவர். கிருமியையும் உண்பார், மடிந்த நியூட்ரோபிலையும் உண்பார், வயதான சிவப்பணுவையும் உண்பார். களத்தைத் துப்புரவு செய்யும் வேலையும் இவருடையதே.

இவ்விழுங்கும் தொழிலைக் கண்டறிந்தவர் ருசிய அறிஞர் மெச்னிக்கோவ். 1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில், கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாட் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்து நின்றன. நம் உழவர் காலில் நடந்த அதே கதை! "அணுக்களே காவலர்" என்றார் இவர். "இல்லை, குருதி நீரில் கரைந்துள்ள பொருள்களே காவலர்" என்று எதிர்க்கட்சி வாதாடியது. 1908-இல் நோபல் பரிசை மெச்னிக்கோவுக்கும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த எர்லிக்குக்கும் பங்கிட்டு வழங்கினர். இரு கட்சியும் சரியே என்பது பின்னர் விளங்கிற்று.

மாதிரி கொண்டு செல்பவர்

மூன்றாமவர் கிளையணு. உடலெங்கும் கிளைகளை நீட்டிக்கொண்டு தோலுக்கடியில் காத்திருப்பவர். இவர் சண்டைக்காரர் அல்லர். மாதிரி எடுத்துச் செல்லும் ஏஜெண்டு. பகைவனின் துண்டொன்றைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் உள்ள நிணநீர்க் கணுக்களாகிய தலைமை அலுவலகத்திற்கு நடந்து சென்று, "இத்தகையவன் வந்திருக்கிறான்" என்று காட்டுவார். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் "நெறி கட்டுவது" இதனாலேதான். அலுவலகத்தில் கூட்டம் நெரிகிறது என்பதே அதன் பொருள்.

இவரை 1973-இல் உலகுக்கு அறிவித்த ரால்ஃப் ஸ்டைன்மன் 2011-இல் நோபல் பரிசுக்குத் தேர்வானார். அறிவிப்பு வெளியாவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டதைப் பரிசுக் குழுவினர் அறியவில்லை. ஆயினும் பரிசு அவருக்கே நிலைத்தது.

காரியதரிசியும் கோர்வைக்காரரும்

தலைமை அலுவலகத்தில் வீற்றிருப்போர் டி அணுக்கள். மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமஸ் என்னும் பள்ளியிற் படித்தவர்கள். அப்பள்ளியின் பெருமையை 1961-இல் ஜாக் மில்லர் வெளிப்படுத்தினார். தேர்வில் கேள்வி இரண்டே: "நம்மவரின் அடையாளச் சீட்டைப் படிக்கத் தெரியுமா? நம்மவரையே அடிக்காமல் இருக்கத் தெரியுமா?" 100-க்கு 95 பேருக்கு மேல் தோற்றுவிடுகின்றனர். தோற்றவருக்கு மறுதேர்வு இல்லை, அங்கேயே முடிவு. நம் பிள்ளைகளின் தேர்வு முறையைக் குறைகூறுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தேறியவருள் ஒருவர் உதவி டி அணு. இவரே காரியதரிசி. தாமாக ஒரு கிருமியையும் கொல்லார். ஆயின் இவர் கையொப்பமின்றிப் பெரிய காரியம் எதுவும் நகராது. எய்ட்ஸ் நோய்க்கிருமி இவரையே தேடிப்பிடித்து அழிக்கிறது. இந்தியாவில் அத்தொற்று முதன்முதலாகச் சென்னையில் 1986-இல் கண்டறியப்பட்டது. காரியதரிசி இல்லாத சங்கம் என்னவாகும் என்பதற்கு அந்நோயே சாட்சி. இன்னொருவர் கொல்லி டி அணு. கிருமி குடிபுகுந்த நம் அணுவைக் கண்டு கதை முடிப்பவர். இவர்களுக்குப் பங்காளியாக இயற்கைக் கொல்லி அணு என்றொருவர் உண்டு. அவர் வாயிற்காவலர். அடையாளச் சீட்டைக் காட்டுவோரை விடுவார். காட்டாதவரை அங்கேயே முடிப்பார். புற்றணுக்கள் சீட்டை ஒளிக்கும்போது இவர் கையில் அகப்படுவது அதனால்தான்.

நம்மவர் மனத்துக்கு மிக நெருங்கியவர் பி அணு, இவர் டிசைன்காரர். பகைவனின் உருவுக்குப் பொருந்தும் எதிர்பொருளை நெய்து விடுவது இவர் தொழில். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் இழையோடு இழை கவ்வி நிற்க வேண்டும் அன்றோ? அதுபோலவே எதிர்பொருளின் முனை கிருமியைக் கவ்வ வேண்டும். உலகிலுள்ள எண்ணிறந்த கிருமிகளுக்கு எண்ணிறந்த டிசைன்கள் எங்கிருந்து வந்தன? ஜக்கார்டு அட்டைகளை இடம் மாற்றிக் கோத்தால் புதுப்புதுப் பூக்கள் விழுவதை நாம் அறிவோம். பி அணுவும் தன் மரபுத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்தே கோடிக்கணக்கான உருவங்களை ஆக்குகிறது. இதனைக் கண்டறிந்த ஜப்பானியர் டோனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார். டிசைன் பொருந்திவிட்டால் பி அணு உற்பத்தியில் இறங்கி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்பொருள்களைத் தள்ளும். வேலை முடிந்தபின் சிலர் மட்டும் பழைய மாதிரியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். இவர்களே நினைவணுக்கள். தடுப்பூசி என்பது, பகைவன் வருமுன்னே அவன் மாதிரியை இவர்களிடம் ஒப்படைப்பதுதான்.

நமக்குச் சோறு போடும் பட்டுப்புழுவுக்கும் விழுங்கும் அணுக்கள் உண்டு. ஆனால் எதிர்பொருள் நெய்யும் இந்தத் தறி அதற்கு இல்லை. நெய்யும் உரிமை நமக்கே வாய்த்தது!

மிகையாக உழைப்போர்

சங்கத்தில் மடியர் மட்டும் அல்லர், மிகையாக உழைப்போரும் தொல்லையே. மாஸ்ட் அணு சிறு தூசிக்கும் அபாய மணியடிப்பவர். அடுக்குத் தும்மலும் தோல் தடிப்பும் இவர் கைங்கரியம். ஈயோசினோபில் என்பவர் புழுக்களை எதிர்க்கும் தனிப் படை. யானைக்கால் நோய்ப் புழுவை இவருக்கு நன்கு தெரியும். சிலர் உடலில் அப்புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கும்போது, இவர் அளவுகடந்து கூடிவிடுவார். இரவெல்லாம் இருமல், இளைப்பு, மூச்சுத் திணறல். 1940-இல் மதனப்பள்ளியைச் சேர்ந்த பிரிமோட்-மொல்லர், பார்ட்டன் ஆகிய மருத்துவர்கள் காசநோய்போலத் தோன்றும் இந்நிலையைப் பற்றி எழுதினர். குருதிச் சோதனையில் ஈயோசினோபில் மலிந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். யானைக்கால் புழுவுக்குரிய மருந்தே இதற்கும் மருந்து. இருமலைக் கண்டு நாமே பெயர் சூட்டக்கூடாது என்பது இங்கே பாடம்.

இத்தகையோரை அடக்கத் தணிக்கையாளரும் உண்டு. ஒழுங்காளும் டி அணு என்று பெயர். "போதும், நிறுத்துங்கள்" என்பதே இவர் வேலை. 1995-இல் இவரைக் கண்டறிந்து கூறிய ஜப்பானியர் சகாகுச்சி, வேறிருவருடன் 2025-இல் நோபல் பரிசு பெற்றார். தணிக்கையாளரை யாரும் விரும்புவதில்லை. அவர் இல்லாத இடத்திலோ சங்கம் தன்னையே தின்றுவிடும்.

நம் மாவட்டத்தில் நடந்த சோதனை

இனி வீட்டுக் காரியத்திற்கு வருவோம். மெச்னிக்கோவ் முள் குத்திய அதே 1882-இல் கோக் என்னும் ஜெர்மானியர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இக்கிருமி வல்லாளகண்டன். பெருவிழுங்கி அதனை உண்டால், செரிக்காமல் அவர் வயிற்றிலேயே குடித்தனம் நடத்தும். காரியதரிசி ஆட்களை வரவழைத்துச் சுற்றிலும் சுவர் எழுப்பி அதனைச் சிறைவைப்பார். தொற்றியவருள் 100-க்கு 90 பேருக்கு மேல் இச்சுவர் வாழ்நாள் முழுதும் தாங்குகிறது. எஞ்சியவர்க்குச் சுவர் இடிந்து நோய் வெளிப்படுகிறது.

பி.சி.ஜி. ஊசி இச்சுவரை உறுதிப்படுத்துமா? இதனை அறிய 1968-இல் பெருஞ் சோதனை தொடங்கிய இடம், அந்நாளில் காஞ்சிபுரமும் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டமே. இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் பங்கு கொண்டனர். 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வளர்ந்தோரின் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று விளங்கிற்று. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசவகைகளிலிருந்து அது காக்கிறது. ஆதலால் பிறந்தவுடன் போடத்தான் வேண்டும். ஆனால் வளர்ந்தவர், "அந்நாளில் ஊசி போட்டாயிற்று" என்று மார்தட்ட இயலாது.

அப்படியானால் சுவரைக் காப்பது எது? கூலி கொடாத தறியில் சேலை விழாது. நம் காவலருக்குக் கூலி சோறே. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்ட ஓர் ஆய்வு நடைபெற்றது. காசநோயாளிகளின் குடும்பத்தினர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். ஒரு பகுதிக் குடும்பங்களில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை ஆகியன அளித்தனர். அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டோர் தொகை ஏறக்குறைய 100-க்கு 40 பங்கு குறைந்தது. எந்த ஊசியும் அல்ல, அரிசியும் பருப்பும்!

நம்மவர் வீடுகளில் தறியும் அடுப்பும் தொட்டிலும் ஒரே கூரையடியில் இருப்பதை நாம் அறிவோம். ஒருவர் இருமினால் எல்லோரும் அக்காற்றையே சுவாசிக்கின்றனர். ஆகவே இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வெட்கப்படாமல் அரசினர் மருத்துவமனையில் சளிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். சோதனையும் மருந்தும் இலவசம். வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959-இலேயே சென்னை ஆய்வு நிறுவிவிட்டது. முறையாக மருந்துண்டால் சில வாரங்களில் பிறருக்குத் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். நோயாளியின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் சர்க்கார் வழங்குகிறது. கேட்டுப் பெறுவது உரிமை.

அத்துடன் நம் கடமையும் ஒன்று உண்டு. நோய் கண்ட அங்கத்தினர் தறியில் இறங்க இயலாத மாதங்களில் அவர் வீட்டில் கூலி நின்றுவிடும். மற்றவருக்குச் சோறு மிகத் தேவைப்படும் நாட்களும் அவையே. அம்மாதங்களில் அரிசியும் பருப்பும் அவ்வீட்டில் தட்டாமல் இருக்கப் பக்கத்துத் தறிக்காரரும் சங்கமும் பார்த்துக்கொண்டால், அவ்வீட்டாரின் குருதியிலுள்ள சங்கம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அடுத்த மகாசபையில் இதனையும் ஒரு பொருளாக எடுத்துப் பேசுமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.