பழைய கிராபிக்ஸ் கார்டு, புதிய கிராபிக்ஸ் கார்டு: எழுத்துத் தெளிவுக்கு எது தேவை?



மேல்நிலை வகுப்பு, கல்லூரி, போட்டித் தேர்வு என்று நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது. புதிதாக வாங்க வசதி இல்லாத குடும்பங்கள் அலுவலகங்களில் கழித்து விற்கும் பழைய கம்ப்யூட்டரை வாங்குகின்றன. அதில் தவறில்லை. வாங்கிய பிறகு வரும் செலவில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

அண்மையில் மண்டகப்பட்டு சகோதரர் ஒருவர் நம்மிடம் கடன் கேட்டு வந்தார். மகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம். "கிராபிக்ஸ் கார்டு பழசு, புதுசு போடணும்" என்று வாங்கிய இடத்தில் சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கார்டில் குறை இல்லை. மானிட்டருக்குப் போகும் வயரை மாற்றி, ஒரு செட்டிங்கைச் சரிசெய்ததும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது; கடன் தேவைப்படவில்லை. இது மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விளக்கமாக எழுதுகிறோம்.

முன்பு ஏன் கார்டுக்குக் கார்டு வித்தியாசம் இருந்தது?

திரையில் தெரிவதெல்லாம் புள்ளிகள். இன்றைய சாதாரண மானிட்டரில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080, ஆக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 முறை இவற்றைக் கார்டு அனுப்ப வேண்டும். அதாவது வினாடிக்கு 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல்.

1987இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த விஜிஏ முறையில் (நீல நிறத் தலையும் 15 ஊசிகளும் கொண்ட வயர்) இந்தப் புள்ளிகள் மின் அழுத்த ஏற்ற இறக்கங்களாக மாற்றப்பட்டு வயரில் போகின்றன. மாற்றும் சிப்பும் அதைச் சுற்றியுள்ள உதிரிபாகங்களும் மட்டமானவையாக இருந்தால், ஒரு புள்ளியின் நிறம் அடுத்த புள்ளியில் கசியும். தட்டையான எல்சிடி மானிட்டர் அதைத் திரும்பவும் எண்களாக மாற்றும்போது இன்னும் கொஞ்சம் கெடும். அதனால்தான் 1990களின் இறுதியில் எழுத்துத் தெளிவுக்கென்றே மேட்ராக்ஸ் கார்டுகளைத் தேடி வாங்கினார்கள். விளையாட்டுக்கு வேகமான வேறு கார்டுகள் இருந்தும், எழுத்து வேலைக்கு அதைத்தான் விரும்பினார்கள்.

தமிழில் இந்தக் கசிவு கூடுதலாகத் தொல்லை தரும். ‘க’வுக்கும் ‘க்’குக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம், ‘கி’க்கும் ‘கீ’க்கும் ஒரு சுழிதான். அரபியில் பா, தா, ஸா ஆகிய எழுத்துகள் சொல்லின் நடுவில் வந்தால் புள்ளியை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். மங்கலான திரையில் பிள்ளை ஊகித்துப் படிக்கும். கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும்.

இப்போது என்ன மாறியது?

1999இல் டிவிஐ, பிறகு எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் முறைகள் வந்தன. இவற்றில் புள்ளிகள் எண்களாகவே மானிட்டர் வரை போய்ச் சேர்கின்றன. ஆகவே ஒரே மானிட்டரை, ஒரே அளவில், எச்டிஎம்ஐ வயரில் இணைத்தால், பத்து வருடப் பழைய கார்டிலும் இந்த வருடப் புதிய கார்டிலும் எழுத்து ஒரே தெளிவில்தான் இருக்கும். புதிய கார்டு கூடுதலாகத் தருவது விளையாட்டு, வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம் போன்றவற்றுக்கான வேகம். பாடம் படிக்க, தட்டச்சு செய்ய, ஆன்லைன் விண்ணப்பம் போட அது தேவையில்லை. பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் போர்டிலேயே கிராபிக்ஸ் வசதி இருக்கும், அதுவே போதும்.

பணம் செலவழிக்கும் முன் பாருங்கள்

1. டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷன், மானிட்டரின் சொந்த அளவில் உள்ளதா? ‘ரெகமெண்டட்’ என்று காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். மங்கலுக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான்.

2. அந்த அளவே பட்டியலில் இல்லையென்றால் கிராபிக்ஸ் டிரைவர் போடப்படாமல் இருக்கலாம். டிரைவருக்குக் காசு கிடையாது. தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும்.

3. விஜிஏ வயர் மட்டும்தான் என்றால், மானிட்டரில் உள்ள ‘ஆட்டோ’ பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். நீளமான, மெல்லிய வயரைத் தவிருங்கள்.

4. இரு பக்கமும் எச்டிஎம்ஐ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால், அதிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாறும் வயர் கிடைக்கும்.

5. விண்டோஸில் ‘க்ளியர்டைப்’ வசதியை இயக்குங்கள். எழுத்தின் ஓரங்கள் சீராகும்.

6. டிவியை மானிட்டராக வைத்து ஓரங்கள் வெட்டுப்பட்டால், டிவியின் படச் செட்டிங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ வையுங்கள். கறுப்பு, சாம்பலாகத் தெரிந்தால் கார்டின் செட்டிங்கில் வண்ண வீச்சை ‘ஃபுல்’ என மாற்றுங்கள்.

எப்போது புதிய கார்டு வேண்டும்?

4கே மானிட்டர் வாங்கினால் பழைய கார்டு சிரமப்படும். எச்டிஎம்ஐ 1.4 வரை மட்டும் உள்ள கார்டு 4கே படத்தை வினாடிக்கு 30 முறைதான் அனுப்பும். மவுஸ் அம்பு இழுபட்டு நகரும். கார்டில் விஜிஏ தவிர வேறு வழியே இல்லாமல், ஆட்டோ பட்டனிலும் தெளிவு வராவிட்டால், அப்போதும் மாற்றலாம். அதற்கும் எச்டிஎம்ஐ உள்ள பழைய கார்டே போதும்.

இன்னொரு எச்சரிக்கை. ஏஎம்டியின் ஆர்9 290 வரிசையிலிருந்தும் (2013), என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தும் (2016) விஜிஏ சிக்னல் நிறுத்தப்பட்டது. விஜிஏ மட்டுமே உள்ள பழைய மானிட்டர் வைத்திருப்பவர் இவற்றை வாங்கினால் தனியாகக் கன்வெர்ட்டரும் வாங்க வேண்டும். அதன் பிறகும் படம் விஜிஏ வழியாகத்தான் போகும். செலவழித்தும் தெளிவு கூடாது.

கடைசியாக, இத்தனையும் சரியாக இருந்து, வீட்டில் மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியும் எழுத்து ஒரு பிள்ளைக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தால், கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் கண் பரிசோதனை செய்யுங்கள். தேவை கார்டாக இல்லாமல் கண்ணாடியாக இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் நம்மிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வந்து பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.