வியாசர்பாடியின் வீட்டு ஆவணங்களும் ஆவணப்படக் கலையும்

ஆவணம் என்னும் சொல் நம் மொழியில் நெடுங்காலமாக நிலத்தோடும் பொன்னோடும் பிணைந்தே வழங்கி வந்துள்ளது. விலைப் பத்திரமும் அடைமானச் சீட்டும் செப்பேடும் கல்வெட்டும் ஆவணங்கள் எனப்பட்டன. அவற்றில் பெயர் பெற்றோர் பெரும்பாலும் உடைமை உடையோரே. நிலம் உழுதவர், மூட்டை சுமந்தவர், தறியில் நின்றவர், தெருவைத் துப்புரவு செய்தவர் ஆகியோர் வாழ்ந்ததற்குச் சான்று தேடினால் பிறப்பு இறப்புப் பதிவேட்டின் ஒரு வரியும், காவல் நிலையக் குறிப்பும், ஆலையின் வருகைப் பட்டியலுமே எஞ்சுகின்றன. இக்குறையை ஓரளவு நிரப்பக்கூடிய கலை ஆவணப்படம். நடிகரும் புனைகதையும் இன்றி, உண்மையான மாந்தரையும் இடங்களையும் நிகழ்ச்சிகளையும் கொண்டு ஒரு பொருளை ஆராய்ந்து காட்டும் படமே ஆவணப்படம் எனச் சுருங்கக் கூறலாம். அக்கலை ஒரு குடும்பத்தின் வழிவழிச் செய்திகளையும் ஓர் ஊரின் வாழ்வையும் எவ்வாறு காக்க வல்லது என்பதை, நம் நகரின் வடபால் உள்ள வியாசர்பாடியை முன்வைத்து இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வியாசர்பாடி என்றதும் பலர் உள்ளத்தில் தோன்றும் காட்சி திரைப்படம் தந்த காட்சியாகும். அரிவாளும் துரத்தலும் குறுகிய சந்தும் இல்லாமல் வடசென்னையைக் காட்டிய படங்கள் மிகச் சில. 2014ஆம் ஆண்டு பா. இரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த ‘மெட்ராஸ்’ இப்பகுதியைக் களமாகக் கொண்டு, வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் அன்றாட வாழ்வையும் கால்பந்தையும் கானாவையும் காட்டியது. ஆயினும் அதுவும் புனைகதையே. அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் வாயால் தம் வரலாற்றைச் சொல்லக் கேட்பது வேறு.

அவ்வாறு கேட்கத் தொடங்கினால் எவ்வளவு கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போம். வியாசர்பாடிக்கு அணித்தே, புளியந்தோப்பு பெரம்பூர்ப் பகுதியில், பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. சுற்றுவட்டாரத்தின் நாள் முழுவதும் ஆலைச் சங்கின்படியே நடந்தது. அத்தொழிலாளரை முதன்மையாகக் கொண்டே 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பி. பி. வாடியா தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவராகவும் விளங்கிய அச்சங்கம் இந்தியாவில் முறையாக அமைக்கப்பெற்ற முதற் தொழிற்சங்கங்களுள் ஒன்று. 1996ஆம் ஆண்டு ஆலைகள் மூடப்பட்டன. ஆலை நின்ற நிலத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுகின்றன. சங்கொலியைக் கேட்டு எழுந்தவர்கள் மட்டும் சுற்றுப்புறத் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுள் இளையவரே இன்று முதுமையை எட்டியவர்.

இரண்டாவது படலம் கடல் கடந்தது. பர்மாவில் 1962ஆம் ஆண்டு இராணுவ ஆட்சி ஏற்பட்டுக் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் 1964 முதல் கப்பல் ஏறித் தாயகம் திரும்பினர். அவர்களுள் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இருந்தனர். கையோடு கொண்டுவர முடிந்தது மிகச் சிறிது. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். இன்று மாலைப் பொழுதில் நாம் விரும்பி உண்ணும் அத்தோவும் மொய்ங்காவும் அவர்கள் கொண்டுவந்த சொத்து. சுங்க அதிகாரியால் பறிக்க இயலாத சொத்து அதுவொன்றே போலும்! 1964இல் பத்து வயதுச் சிறுவராக வந்திறங்கியவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். இரங்கூன் வீட்டின் வாசலை நினைவிலிருந்து வரைந்து காட்டக்கூடியவர்கள் அவர்களோடு முடிந்து போவார்கள்.

இவ்விரண்டிற்கும் அடியில் இன்னொன்று உண்டு. இம்மண்ணின் பூர்வகுடிகள் யார் என்னும் வினா அது. ஒடுக்கப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்களைப் பூர்வத் தமிழர் என்று நிறுவ முயன்றவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907ஆம் ஆண்டு இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் அப்பணிக்கே பெரிதும் பயன்பட்டது. ஏட்டிலும் வழக்காற்றிலும் சொல்லின் வேரிலும் அவர் சான்று தேடினார். அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்றைய மொழியியலார் ஏற்பர் என்று கூறுவதற்கில்லை. எனினும், வரலாறு மறுக்கப்பட்ட ஒரு மக்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதலாம் என்னும் துணிவை அவர் தந்தார். வியாசர்பாடியின் இரவுப் பாடசாலைகளிலும் சுவரில் தீட்டிய அம்பேத்கர் உருவங்களிலும் அத்துணிவின் தொடர்ச்சியைக் காண்கிறோம்.

இனி, ஆவணப்படம் தமிழர்க்குப் புதிதன்று என்பதை நினைவூட்ட வேண்டும். அ. க. செட்டியார் என்னும் தனிமனிதர் காந்தியடிகளைப் பற்றிய படம் ஒன்றை 1940ஆம் ஆண்டு வெளியிட்டார். சப்பானிலும் அமெரிக்காவிலும் நிழற்படக் கலை பயின்ற அவர், ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்து, பல நாடுகளில் பலர் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். ஐம்பதாயிரம் அடிச் சுருளிலிருந்து பன்னிரண்டாயிரம் அடியைத் தேர்ந்தார். அவர் புதிதாக எடுத்ததைவிடத் தேடி எடுத்தது மிகுதி. ஆவணப்படத்தின் பாதி உழைப்பு தேடலே என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை. வேதனை என்னவெனில், அத்துணை அரிதிற் சேர்த்த படத்தின் தமிழ் வடிவமே பிற்காலத்தார்க்குக் கிட்டாமற் போயிற்று. பிற்கால ஆங்கில வடிவத்தின் படி ஒன்றை, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் கண்டறிந்தார்.

தேடலுக்கு அடுத்து எழும் வினா, படக்கருவி யார் கையில் இருக்கிறது என்பது. 1922ஆம் ஆண்டு இராபர்ட் ஃபிளாஹர்ட்டி வட கனடாவின் இனூயிட் பழங்குடியினரைப் பற்றி எடுத்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ ஆவணப்பட வரலாற்றின் முதல் ஏட்டில் வைக்கப்படுவது. அப்படத்தில் நானூக் எனப்படுபவரின் உண்மைப் பெயர் அது அன்று. அக்காலத்தில் அவர்கள் துப்பாக்கியால் வேட்டையாடிக்கொண்டிருக்க, படத்திற்காகப் பழைய ஈட்டியை எடுக்கச் செய்தார் இயக்குநர். உள்ளே ஒளி வேண்டும் என்பதற்காகப் பனிவீட்டின் பாதி திறந்தே கட்டப்பட்டது. அவர் அம்மக்களை நேசித்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாம் காண விரும்பிய பழமையை அவர்கள் மீது போர்த்தினார். வடசென்னையைப் படமெடுக்க வருவோர் அழுக்கு வாய்க்காலையும் கானா பாடும் சிறுவனையும் மட்டுமே தேடுவதும் இதே நோயின் வேறு வடிவம் என்றே நாம் கருதுகிறோம்.

இந்நிலை மெல்ல மாறியது. கனடாவின் ஃபோகோ தீவில் மீனவக் குடும்பங்களை வேறிடம் பெயர்க்க அரசு எண்ணியிருந்த காலத்தில், 1967ஆம் ஆண்டு கோலின் லோ என்பார் அத்தீவினரின் பேச்சைச் சிறு சிறு படங்களாக எடுத்தார். அவற்றை முதலில் அத்தீவினர்க்கே திரையிட்டுக் காட்டினார். ஒரு கரையில் இருந்தோர் மறுகரையாரின் குறையைத் திரையில் கேட்டனர். பின்னர் அதிகாரிகளும் கேட்டனர். குடியிருப்பை அகற்றுதல் என்பது செய்தித்தாளில் மட்டும் படிக்கும் செய்தியாக இல்லாத வடசென்னையார்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அபெனாக்கி பழங்குடியைச் சேர்ந்த அலானிஸ் ஒபோம்சாவின் ஒரு படி மேற்சென்றார். 1990ஆம் ஆண்டு கோல்ஃப் மைதானத்தை விரிவாக்குவதற்காகத் தம் நிலம் பறிபோவதை எதிர்த்து மோஹாக் மக்கள் 78 நாள் நின்ற போராட்டத்தை, அவர்கள் அரணுக்கு உள்ளிருந்தே படமெடுத்து 1993இல் வெளியிட்டார். ஏனைய படக்கருவிகள் வெளியிலிருந்து உள்ளே நோக்க, அவர் கருவி உள்ளிருந்து வெளியே நோக்கிற்று.

நம் ஊரிலும் இதற்கு இணையான முயற்சி உண்டு. மதுரையை அடுத்த சிற்றூரில் மீன் விற்கும் தாயின் மகனாகப் பிறந்து, அத்தாய் பெற்றுத் தந்த கடனால் படக்கருவி வாங்கியவர் நிழற்படக் கலைஞர் மு. பழனிகுமார். துப்புரவுத் தொழிலாளரையும் மீனவரையும் எண்ணூர் ஆற்றில் கையால் இறால் பிடிக்கும் இருளரையும் படமெடுத்துவரும் அவர், தம் தாயின் உழைப்பையே ஒரு படக்கட்டுரையாக்கினார். வியாசர்பாடியில் ‘வியாசை தோழர்கள்’ அமைப்பின் வழியே அங்குள்ள பிள்ளைகளுக்கும் படமெடுக்கக் கற்பித்தார். அப்பிள்ளைகள் தொலைவில் பொருள் தேடவில்லை. வேலைக்குப் புறப்படும் தாயையும், திரும்பி வந்து திண்ணையில் சாயும் தந்தையையும் எடுத்தனர். வடசென்னை இளையோர் எடுத்த படங்கள் 2023ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. செப்புத் திருமேனிகளும் கல்வெட்டுகளும் இருக்கும் அதே வளாகத்தில்! அவை அசையாப் படங்கள்தாம். அவற்றிலிருந்து ஆவணப்படத்திற்கு ஓரடி தூரமே உள்ளது.

அவ்வடியை எடுத்து வைக்க விரும்பும் மாணவர்க்குச் சில செய்திகள் சொல்ல வேண்டும். கருவி பெரிதாக இருக்க வேண்டியதில்லை; கைப்பேசியே போதும். ஆனால் ஒலிக்குத் தனியே சட்டைக் கழுத்தில் செருகும் ஒரு மைக் வேண்டும். படம் சற்று மங்கினாலும் பார்ப்போர் பொறுப்பர். பேச்சு கேளாவிடில் எழுந்து போவர். வியாசர்பாடியில் இரயில் ஓசை ஓயாது. அதை முற்றிலும் விலக்க முயலாமல், இரயில் கடந்து முடியும்வரை பெரியவரைக் காத்திருக்கச் சொல்லலாம். அந்த இடைவெளியில் அவர் முகத்தில் தோன்றும் நினைவையும் கருவி பதிவு செய்துகொள்ளும்.

“உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டால், “நமக்கு ஏதப்பா வரலாறு!” என்பதே விடையாக வரும். மாறாக, டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஆலை அடையாளச் சீட்டு, தாயகம் திரும்பியோர்க்கு அரசு வழங்கிய அட்டை, மணமக்கள் நாற்காலியில் விறைத்து அமர்ந்த ஸ்டூடியோ படம், பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரின் நகல், சர்ச்சின் ஞானஸ்நானச் சான்று, கால்பந்துப் போட்டியில் பெற்ற பித்தளைக் கோப்பை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கதையின் திறவுகோல். பெண்களைத் தனியே கேட்பது இன்றியமையாதது. ஆலை மூடிய ஆண்டைக் கணவர் சொல்வார். அவ்வாண்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதை மனைவியே சொல்ல வல்லார்.

அவர்கள் பேசும் மொழியைத் திருத்தலாகாது. தமிழ்த்துறையினராகிய நாமே இதில் பெரிதும் தவறக்கூடியவர்கள். சென்னைத் தமிழைக் கொச்சை என ஒதுக்கி, வானொலிச் செந்தமிழில் பின்னணிக் குரல் ஒன்றைப் பூசிவிட்டால், பேசியவரையே படத்திலிருந்து நீக்கியதாகும். தறிக்கூடத்திலும் துறைமுகத்திலும் இரயில் யார்டிலும் வழங்கிய சொற்கள் அகராதிகளில் போதிய அளவு இடம்பெறவில்லை. பதிவான பேச்சை ஒலித்தபடியே எழுத்தாக்கி, அச்சொற்களைத் தொகுப்பது நம் மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பணி.

எல்லாவற்றினும் கடினமானது, ஊரார் பேசத் தயங்கும் நினைவு. 1921ஆம் ஆண்டு ஆலைகளில் நிகழ்ந்து ஏறக்குறைய ஆறு திங்கள் நீடித்த வேலைநிறுத்தம் அத்தகையது. வேலைநிறுத்தம் செய்தோர்க்கும், பணிக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் இடையே பகை மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. தொழிலாளர் போராட்டம் என ஒரு சாரார் பெருமையுடன் நினைப்பதை, வீடிழந்த நாள் என மற்றொரு சாரார் நினைக்கின்றனர். திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியது ஒரு பக்கம், எம். சி. இராசா தம் மக்களுக்காக வாதிட்டது மறுபக்கம். கண்டவர் எவரும் இன்றில்லை. பாட்டன் சொன்னதைக் கேட்ட பேரர்களே உளர். அமைதி கெடுமோ என அஞ்சி இதனை விட்டுவிடலாம் என்று சொல்வோர் உண்டு. அவர்கள் அச்சம் மதிக்கத்தக்கதே. ஆயினும், இரு குடும்பங்களின் நினைவையும் அடுத்தடுத்து வைத்து, இடையே தீர்ப்புரை எதுவும் சேர்க்காமல் காட்டுவதே நேர்மை என்பது நம் துணிபு. ஒரு பக்கத்தை மட்டும் வைத்துச் சங்க வரலாறு என்று பெயரிட்டால், எரிந்த குடிசை மறுமுறையும் எரிந்ததாகும்.

பேசியவரின் இசைவை ஒருமுறை பெற்றால் போதாது. தொகுத்த படத்தை அவர் வீட்டிலேயே அவர்க்கு முதலில் காட்டி, நீக்கச் சொல்வதை நீக்கிய பின்னரே வெளியார்க்குக் காட்ட வேண்டும். ஃபோகோ தீவில் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

பல வீடுகளில் தாம் ஆவணம் வைத்திருப்பதை அறியாமலே வைத்திருக்கின்றனர். 1980களிலும் 1990களிலும் எடுத்த கலியாண வீடியோ கேசட்டுகளைச் சொல்கிறோம். மணமக்களை விட்டுவிட்டு அவற்றின் பின்புலத்தைப் பாருங்கள். பழைய ஓலைக் கூரைகள், குழாயடி வரிசை, இன்று இல்லாத தெருமுனைக் கடை, பந்தியில் அமர்ந்த ஆலைத் தோழர்கள், ஒலிபெருக்கியில் அன்றைய பாட்டு என ஒரு காலமே அதில் அடங்கியிருக்கும். கடற்காற்றின் ஈரத்தில் அந்நாடாக்களில் பூஞ்சை படிகிறது. அவற்றை ஓட்டும் வி.சி.ஆர். கருவியின் உற்பத்தி 2016ஆம் ஆண்டோடு உலகெங்கும் நின்றுவிட்டது. எனவே புதிய படம் எடுப்பதற்கு முன்பே இக்கேசட்டுகளைத் திரட்டிக் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிய கோப்பு ஒவ்வொன்றிலும் குடும்பத்தின் பெயர், தெரு, ஆண்டு, படத்தில் அடையாளம் தெரிந்தோர் பெயர்கள் ஆகியவற்றை வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறிக்க வேண்டும். ஒரு படி அக்குடும்பத்தாரிடம் இருக்கட்டும்; ஒரு படி வியாசர்பாடியிலேயே உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்ற ஓர் இடத்தில் இருக்கட்டும்; மூன்றாவதை நம் துறை நூலகம் ஏற்கலாம்.