முதியோர் இல்லத்தின் ரப்பர் தரை

கால் இடறி விழுவதைச் சிறு விபத்தென்றே நாம் பொதுவாகக் கருதிவருகிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிர் துறக்கிறார்கள் என்பதையும், அவர்களுள் அறுபது வயதைக் கடந்தோரே மிகுதி என்பதையும் அறிந்தவர்களுக்கு, முதியோர் இல்லத்திலும் மாற்றுத்திறனாளிகள் விடுதியிலும் தரை அமைப்பது அலங்கார விஷயமன்று, ஆரோக்கிய விஷயமே என்பது எளிதில் விளங்கும்.

அத்தகைய தரைக்கு ஏற்ற பொருள்களுள் ஒன்று ரப்பர். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் உறுதிப்படும் என்பதை 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டார். கந்தகம் அதன் நீண்ட மூலக்கூற்று இழைகளை ஆங்காங்கே பிணைத்துவிடுவதால், அழுத்தினால் அமுங்குவதும் விட்டால் பழைய உருவத்தை அடைவதும் அதன் சுபாவமாயின. பல்லாண்டுக் காலடிகளை அது தாங்குவதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் தரை எவ்வளவு மெத்தென்றிருக்கிறதோ அவ்வளவு நன்மை என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. தடித்த மெத்தைத் தரை விழுபவரைக் காக்கும். ஆனால் அதில் சக்கர நாற்காலியின் சிறு சக்கரங்கள் அமிழ்வதால், தம் கைகளாலேயே அதை உருட்டிச் செல்பவரின் தோள்கள் நாள்தோறும் வீண் சிரமப்படும். தள்ளாடும் பாதமும் அதில் நிலைகொள்ளாது. ஆகவே நடைகூடங்களுக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டியான விரிப்பே உசிதம் என்பது என் அபிப்பிராயம். அவ்வளவு மெல்லிய விரிப்பு எலும்பு முறிவைத் தடுத்துவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். வழுக்காமையே அதன் பிரதான பயன்.

அந்த வழுக்காமையை அளக்க ஆஸ்திரேலியாவில் ஊசல் பரீட்சை ஒன்று வழக்கிலுள்ளது: ரப்பர்ப் பட்டை பொருத்திய கரம் ஒன்று ஈரத்தரையை உரசிக்கொண்டு வீசிச் செல்ல, அது இழந்த ஆற்றலைக் கொண்டு தரையைப் பி0 முதல் பி5 வரை தரம் பிரிப்பார்கள், எண் உயர உயர வழுக்கல் குறையும்.

நிறமும் அற்பமன்று. மறதி நோயுற்றவரின் கண்ணுக்குக் கரும்பட்டை பள்ளமாகவும், பளபளப்பு தேங்கிய நீராகவும் தோன்றக்கூடும். ஆதலால் மங்கிய மெருகும் ஒரே சீரான வர்ணமும் வேண்டும்.

பழைய டயரை அரைத்துச் செய்த பலகைகள் விலை மலிவு. எனினும் அவற்றின் நுண்துளைகளில் சிறுநீரும் அழுக்கும் தங்குமாதலால் அவை வெளிமுற்றத்துக்கே ஏற்றவை. அடியிலுள்ள கான்கிரீட் நன்றாக உலருமுன் ஒட்டினால் எந்த விரிப்பும் பெயர்ந்து, அதன் விளிம்பே காலை இடறும்.

வாங்குமுன் மாதிரித் துண்டொன்றை விரித்து, நீர் தெளித்து, அங்கே வசிக்கப்போகிறவர்களையே தக்க துணையோடு நடக்கவும் நாற்காலி உருட்டவும் சொல்லி, அவர்கள் கூறுவதைக் கேட்டபின் தீர்மானியுங்கள்.